புது டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா? (கூடவே ‘சிங்கிள் லேங்குவேஜ்’ பற்றி ஒரு சந்தேகம்)

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குப் புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறோம். ரைசன் 5 ப்ராசசர், 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 என்பது முடிவாகிவிட்டது. ஹோம் வாங்குவதா, ப்ரோ வாங்குவதா என்பதுதான் தெரியவில்லை. விலையில் நல்ல வித்தியாசம் இருக்கிறது.

என் மனைவி இதில் கணக்கு வேலை பார்ப்பார்: டாலி, ஜிஎஸ்டி தாக்கல், டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன். பையன் பத்தாவது படிக்கிறான். பைத்தான் கற்றுக்கொள்கிறான், கேம் ஆடுவான். நான் வெளியூரில் இருக்கும்போது அவ்வப்போது இந்த மெஷினுக்குள் வந்து சில கோப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. அதில் ‘விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்’ என்று காட்டுகிறது. அப்பாவுக்காக மெனுவைத் தமிழுக்கு மாற்றப் பார்த்தால் விடமாட்டேன் என்கிறது.

ப்ரோ போட்டால் வேகம் கூடுமா? ஹோமில் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) கிடையாது என்று சொல்கிறார்களே, லேப்டாப் திருடுபோனால் என்ன ஆகும்? இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ விற்கிறார்கள், வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழ்ப்பாள்:

ஹோம் வாங்குங்கள். உங்கள் பட்டியலில் ப்ரோவைக் கேட்கக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான், வெளியூரிலிருந்து உள்ளே வருவது. அதற்கும் வேறு வழி இருக்கிறது.

முதலில் வேகம். இரண்டும் ஒரே கெர்னல், ஒரே டிரைவர், ஒரே அப்டேட். கேமில் ஒரு ஃப்ரேம்கூட வித்தியாசம் வராது. ஹோமில் 128 ஜிபி ரேம் வரை போடலாம், ப்ரோவில் 2 டிபி வரை. ஹோம் ஒரு ப்ராசசர் சாக்கெட்டை மட்டும் ஏற்கும், ப்ரோ இரண்டை ஏற்கும். 16 ஜிபி ரேம், ஒற்றை ரைசன் உள்ள மெஷினுக்கு இந்த வரம்புகளால் எந்தப் பாதிப்பும் இல்லை. டாலி, ஜிஎஸ்டி, டோக்கன் டிரைவர் எல்லாம் ஹோமிலேயே ஓடும். பைத்தானும் அப்படித்தான், பையனுக்குப் பிறகு லினக்ஸ் தேவைப்பட்டால் டபிள்யூஎஸ்எல் 2-ஐ (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) ஹோமிலும் நிறுவலாம்.

இனி ரிமோட் டெஸ்க்டாப், அதாவது வேறு இடத்திலிருந்து ஒரு மெஷினுக்குள் வந்து இயக்கும் விண்டோஸின் சொந்த வசதி. ஹோமிலிருந்து வேறொரு மெஷினுக்குள் போகலாம். ஆனால் ஹோம் போட்ட மெஷினுக்குள் அதே வழியில் வர முடியாது, அந்தப் பகுதி ப்ரோவுக்கு மேல்தான். இதற்காக ப்ரோ வாங்குகிறவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்த உடனே, வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். உங்கள் மனைவி தாக்கல் செய்துகொண்டிருக்கும்போது நீங்கள் அவர் கணக்கிலேயே நுழைந்தால் அவர் வேலை பாதியில் நிற்கும்.

கையொப்ப டோக்கனும் சிக்கல்தான். வீட்டு டெஸ்க்டாப்பில் செருகியிருக்கும் டோக்கன் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுக்குள் தெரியாது. ஸ்மார்ட் கார்டு விஷயத்தில் விண்டோஸ், நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷினின் ரீடரைத்தான் தேடும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் நிறைய. டிரைவரில் குறையே இருக்காது.

பின் நம்பரும் செல்லாது. வீட்டில் நான்கு இலக்க பின் போட்டு உள்ளே போய்ப் பழகியிருப்பீர்கள்; ரிமோட் டெஸ்க்டாப் மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். அதையும் அந்த மெஷினில் ஒருமுறையாவது நேரடியாக அடித்து நுழைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘விண்டோஸ் ஹலோ மட்டும்’ என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்து, வெளியே வந்து, கடவுச்சொல் போட்டு ஒருமுறை உள்ளே போங்கள்.

ரௌட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்கும் பாட்கள் வந்துவிடும். பல இணைப்புகளில் பொது ஐபி முகவரியே கிடையாது, வழங்குநர் பலருக்கும் ஒரே முகவரியைப் பங்கிட்டுத் தருகிறார். அங்கே போர்ட்டைத் திறந்தாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை (மெஷின்களுக்கிடையே பாதுகாப்பான தனி இணைப்பு) இரண்டு பக்கமும் நிறுவி அதன் வழியாக வருவதுதான் சரி.

உங்கள் தேவைக்கு ஹோமில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது ரஸ்ட்டெஸ்க் போதும். இவை வீட்டில் ஓடும் திரையையே காட்டுவதால் டோக்கனும் தெரியும், அங்கே இருப்பவரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதைப் போட்டாலும் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்கிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தூங்கிவிட்ட மெஷினுக்குள் எந்த வழியிலும் வர முடியாது.

ஹோமிலேயே ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிடும் ‘ராப்பர்’ நிரல்கள் சுற்றுகின்றன. விண்டோஸ் கோப்பின் பதிப்பு எண்ணைப் பொறுத்து அவை வேலை செய்வதால் மாத அப்டேட் வந்ததும் உடையும். டிஃபெண்டரும் பிடித்து அழிக்கும், லைசென்ஸ் விதிக்கும் புறம்பு. கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் அவை வேண்டவே வேண்டாம்.

கரிசல்:

ரிமோட் பற்றித் தாழ்ப்பாள் சொன்னது சரி. ஹோமில் என்க்ரிப்ஷன் இல்லை என்பதைத் திருத்துகிறேன், ஏனென்றால் இந்தத் தவறான நம்பிக்கையால் டேட்டா போகிறது.

ஹோமில் ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ இருக்கிறது. உள்ளே இருப்பது ப்ரோவில் உள்ள டிஸ்க் பூட்டும் கருவியான பிட்லாக்கரேதான், கட்டுப்பாடுகள் மட்டும் குறைவு. செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 (2024 இரண்டாம் பாதி) பதிப்பிலிருந்து அதற்கான ஹார்டுவேர் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டார்கள். டிபிஎம் 2.0 (கீயை வைத்திருக்கும் பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடக்கத்தில் ஓடவிடும் அமைப்பு) இருக்கும் அசெம்பிள் டெஸ்க்டாப்பிலும் இப்போது வருகிறது. புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் கேட்காமலேயே இயங்கத் தொடங்கிவிடும். அதனால் உங்கள் டிஸ்க் ஏற்கெனவே பூட்டியிருக்கலாம், உங்களுக்குத் தெரியாமலேயே.

அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் மட்டும் இருக்கும். விற்பனைக் கடையில் அவர்களே ஒரு மின்னஞ்சல் உருவாக்கி லேப்டாப்பை அமைத்துக் கொடுத்திருந்தால் கீயும் அந்த மின்னஞ்சலோடு போயிற்று. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை நிரல்) அப்டேட் போட்டாலோ, செக்யூர் பூட்டை அணைத்தாலோ நீலத் திரை வந்து அந்த 48 எண்களைக் கேட்கும். இல்லையென்றால் ஃபார்மட்தான். மைக்ரோசாஃப்டை அழைத்தாலும் பயனில்லை, அவர்களிடம் மாற்றுக் கீ கிடையாது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: லேப்டாப்பில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கணக்கில் பிரவுசர் வழியாக நுழைந்து ‘டிவைசஸ்’ பகுதியில் பிட்லாக்கர் ரெகவரி கீயைத் தேடுங்கள். கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு எண்களையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள், திருடனுக்கு இரண்டும் சேர்ந்து போகும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கே இல்லாமல் லோக்கல் கணக்கில் ஹோமை ஓட்டுகிறவர்களுக்கு வேறு நிலை. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும், ஆனால் திறக்கும் கீயும் அதே டிஸ்க்கில் திறந்தபடி கிடக்கும். ‘முடிக்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையவும்’ என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தால் பாதுகாப்பு இன்னும் தொடங்கவில்லை என்று பொருள். திருடுபோனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் படித்துவிடலாம்.

ப்ரோ இந்த இடத்தில்தான் உண்மையிலேயே மேல். கீயை எந்தக் கணக்குக்கும் அனுப்பாமல் கோப்பாகச் சேமிக்கலாம், அச்செடுக்கலாம். டி டிரைவை மட்டும் தனியாகப் பூட்டலாம், பென்டிரைவைப் பூட்டலாம். (பூட்டிய பென்டிரைவை ஹோமில் திறந்து படிக்க முடியும், புதிதாகப் பூட்டத்தான் முடியாது.) பயாஸ் அப்டேட்டுக்கு முன் ‘சஸ்பெண்ட் ப்ரொடெக்‌ஷன்’ என்று ஒரு கிளிக்கில் நிறுத்தி வைக்கலாம். லோக்கல் கணக்குதான் வேண்டும், என்க்ரிப்ஷனும் வேண்டும் என்பவருக்கு ப்ரோவுக்குக் கொடுக்கும் பணம் தகும். மற்றவர்களுக்கு ஹோமில் இருப்பதே போதும்.

உங்களுடையது ரைசன் என்பதால் ஒரு எச்சரிக்கை. பயாஸ் அப்டேட் போட்ட பிறகோ ப்ராசசர் மாற்றிய பிறகோ கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) மாறிவிட்டது, ரீசெட் செய்ய ‘ஒய்’ விசை, பழையதை வைத்துக்கொள்ள ‘என்’ விசை என்று கேட்கும். அவசரத்தில் ஒய் அழுத்தினால் டிபிஎம்மில் இருந்த கீ அழிந்து அடுத்த பூட்டிலேயே 48 எண்களைக் கேட்கும். ரெகவரி கீ கையில் இல்லாமல் அந்தத் திரைக்குப் போகவே போகாதீர்கள்.

எழுத்தாணி:

சிங்கிள் லேங்குவேஜ் கேள்விக்கு.

இந்தியாவில் விற்கும் லேப்டாப்புகளில் பரவலாக வருவது இதுதான். வசதிகள் எல்லாம் ஹோமைப் போலவே. ஒரே வித்தியாசம், மெனு மொழியை மாற்ற முடியாது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லேங்குவேஜ் பகுதியில் ‘உங்கள் லைசென்ஸ் ஒரு திரைமொழியை மட்டும் ஆதரிக்கிறது’ என்று வருவது இதனால்தான். தமிழ் மெனு என்பது ஆங்கிலத்துக்கு மேல் விரிக்கும் மொழிப் பொதி. அதை இந்தப் பதிப்பு ஏற்காது.

தடை மெனு மொழிக்கு மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய, படிக்க, தேதி அமைப்பை மாற்ற எந்தத் தடையும் இல்லை. அதே பக்கத்தில் ‘ஆட் எ லேங்குவேஜ்’ கொடுத்துத் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் ஃபொனெட்டிக் விசைப்பலகையும் கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தி மாறலாம். பழைய வேர்டு கோப்புகள் லதா எழுத்துருவில் இருந்து கட்டம் கட்டமாகவோ வேறு வடிவிலோ தெரிந்தால், தமிழைச் சேர்த்ததும் கூடுதல் எழுத்துருத் தொகுப்பு தானாக இறங்கிச் சரியாகிவிடும். வராவிட்டால் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் என்று தேடி நீங்களே சேர்க்கலாம்.

அப்பாவுக்கு மெனுவே தமிழில் வேண்டுமென்றால் லேப்டாப்பை ப்ரோவுக்கு ஏற்ற வேண்டும். கோப்புகள், நிரல்கள் அப்படியே இருக்கும், மொழித் தடை நீங்கும். ஆனால் அதற்காக மட்டும் பணம் கொடுக்க நான் சொல்லமாட்டேன். அப்பா பெரும்பாலும் பிரவுசரிலேயே இருப்பவர் என்றால் குரோமின் மெனுவைத் தமிழாக்குவது இலவசம், சிங்கிள் லேங்குவேஜிலும் நடக்கும். டெஸ்க்டாப்பில் நீங்கள் போடப்போகும் சாதாரண ஹோமில் இந்தத் தடையே இல்லை. ஆகவே அவருக்கு அங்கே ஒரு தனிக் கணக்கு திறந்து தமிழ் மெனு வைத்துக் கொடுங்கள். திரைமொழி ஒவ்வொரு கணக்குக்கும் தனி. உங்களுக்கு ஆங்கிலம், அவருக்குத் தமிழ் என்று ஒரே மெஷினில் இருக்கலாம்.

கடையில் கீ வாங்கும்போது பெட்டியில் ‘சிங்கிள் லேங்குவேஜ்’ என்று இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சுழல்விசிறி:

எல்லாரும் ஹோம், ப்ரோ என்றே பேசுகிறீர்கள். எண்டர்ப்ரைஸ் எல்டிஎஸ்சி (நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போட்டால் விளம்பரம் இல்லை, தேவையில்லாத ஆப் இல்லை, வருடா வருடம் பெரிய அப்டேட்டும் இல்லை. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

தாழ்ப்பாள்:

நல்ல பதிப்புதான், ஆனால் வீட்டுக்கு விற்பதில்லை. வால்யூம் லைசென்ஸ் ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களுக்கும், ஐஓடி வகை என்றால் கருவி தயாரிப்பாளர்களுக்கும்தான். விண்டோஸ் 11 எல்டிஎஸ்சி 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை ஆதரவு என்பது உண்மை. ஆனால் வீட்டுக்காரர் கையில் கிடைக்கும் எல்டிஎஸ்சி கீ பெரும்பாலும் யாரோ ஒரு நிறுவனத்துடையது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் உள்ளே இருக்காது. ஸ்டோர் வழியாக வரும் கேம்களுக்குப் பையன் அலைய வேண்டும். புது ஹார்டுவேருக்கான மாற்றங்கள் அடுத்த எல்டிஎஸ்சி வரும்வரை வராமல் போகலாம்.

விளம்பரம்தான் தொந்தரவு என்றால் ஹோமிலேயே பெரும்பகுதி போகும். செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், ஸ்டார்ட் பகுதியில் பரிந்துரைகளை அணையுங்கள். சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் இருக்கும் டிப்ஸ், வரவேற்புத் திரை டிக்குகளை எடுங்கள். ப்ரைவசி பகுதியில் விளம்பர ஐடியை அணையுங்கள்.

அப்டேட்டை நிறுத்துவதற்காகப் பலர் ப்ரோ வாங்குகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘பாஸ்’ பொத்தான் இரண்டிலும் ஐந்து வாரம்தான். ப்ரோவில் கூடுதலாகக் கிடைப்பது குரூப் பாலிசி, அதாவது விண்டோஸ் நடந்துகொள்ளும் விதத்தை விதிகளாக வைக்கும் கருவி. அதில் புதுப் பதிப்பை 365 நாள் வரையும், மாதப் பாதுகாப்பு அப்டேட்டை 30 நாள் வரையும் தள்ளலாம். ‘டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்’ என்ற பாலிசியில் 24எச்2 என்று எழுதி அதிலேயே நிற்கவும் வைக்கலாம். ஆனால் ஆதரவுக் காலம் முடியும்வரைதான். 24எச்2-க்கு ஹோம், ப்ரோ இரண்டுக்கும் 2026 அக்டோபர் 13, 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. அதாவது ப்ரோ வாங்கினால் ஆதரவு ஒரு நாளும் நீளாது.

ஹோமில் குரூப் பாலிசி எடிட்டரைக் கொண்டுவரும் பேட்ச் ஃபைல் ஒன்றும் பரவியிருக்கிறது. எடிட்டர் திறக்கும், மாற்றியதும் சேமிக்கும். ஆனால் பல பாலிசிகளை ஹோம் படிக்கவே படிக்காது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

கம்பிவடம்:

கீ பற்றி யாரும் சொல்லவில்லை. ஹோமா ப்ரோவா என்பதைவிட எந்த வகைக் கீ என்பதுதான் பின்னால் உங்களைப் பாதிக்கும்.

சில நூறு ரூபாய்க்கு வரும் ப்ரோ கீ பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரு நிறுவனத்துக்குப் பல மெஷின்களுக்காகக் கொடுத்த வால்யூம் கீயைச் சில்லறையாக விற்பார்கள். அல்லது குப்பைக்குப் போன அலுவலக மெஷினின் ஓஇஎம் கீ (மெஷினோடு சேர்ந்து வந்த கீ). முதலாவது ஆக்டிவேட் ஆகும், மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கும் நாளில் திரையின் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ வந்து நிற்கும். விற்றவரை அப்போது தேடிப் பிடிக்க முடியாது. இரண்டாவது வேறொரு மதர்போர்டுக்குச் சொந்தமானது.

கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸைச் சோதிப்பது எளிது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் எக்ஸ்பிஆர்-உம் சேர்த்து என்டர் தட்டுங்கள். ‘நிரந்தரமாக’ என்ற பொருளில் வந்தால் முதல் படி தேறியது. ஒரு காலாவதித் தேதி வந்தால் அது கேஎம்எஸ் ஆக்டிவேஷன்: 180 நாளைக்கு ஒருமுறை நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பிக்க வேண்டியது. வீட்டு மெஷினில் அது இருக்க வேண்டிய காரணமே இல்லை. புதுப்பிக்கும் வேலையைப் பின்னணியில் ஒரு கிராக் நிரல் செய்துகொண்டிருக்கும். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் இருக்கும் மெஷினில் அட்மின் உரிமையோடு ஓடும் அந்த நிரல் வேறென்ன செய்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதே கட்டளையை எக்ஸ்பிஆர்-க்குப் பதில் டிஎல்ஐ போட்டு ஓட்டினால் ரீடெயிலா, ஓஇஎம்மா, வால்யூமா என்று வகையையே சொல்லிவிடும்.

நியாயமான வழிகளில் அசெம்பிள் மெஷினுக்கு இரண்டு உண்டு. ரீடெயில் கீ விலை கூடுதல், ஆனால் நாளைக்கு வேறு மெஷினுக்கு எடுத்துப் போகலாம். ஓஇஎம் சிஸ்டம் பில்டர் கீ விலை குறைவு, முதலில் போட்ட மதர்போர்டோடு கட்டுண்டது. நான்கைந்து வருடத்தில் மதர்போர்டு மாற்றும் பழக்கம் இருந்தால் ரீடெயில்தான் லாபம்.

பழைய விண்டோஸ் 10 மெஷின் ஒன்று ரீடெயில் கீயோடு ஓரத்தில் கிடந்தால் அந்தக் கீயையே புது டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11-க்குப் பயன்படுத்திப் பாருங்கள். ஹோம் கீ ஹோமுக்கு, ப்ரோ கீ ப்ரோவுக்கு. பழைய மெஷினில் அதன் பிறகு அது செல்லாது.

செகண்ட் ஹாண்ட் அலுவலக லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் ப்ரோ கீ ஃபர்ம்வேரிலேயே (மதர்போர்டின் உள் நிரலில்) இருக்கும், தனியாக வாங்க வேண்டாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் அமைப்புத் திரைகளைக் கடந்து பாருங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சல் கேட்டால் அந்த லேப்டாப் இன்னும் அவர்களின் ஆட்டோபைலட் (நிறுவன மெஷின்களைத் தானாகப் பதிந்து அமைக்கும் சேவை) பட்டியலில் இருக்கிறது. அவர்கள் நீக்கினால் ஒழிய அது முழுதாக உங்களுடையது ஆகாது.

வைகைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஹோம் ரீடெயில் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். லேப்டாப் கடைக்காரர் உருவாக்கிய மின்னஞ்சலில்தான் இருக்கிறது. கரிசல் சொன்ன கீயை எப்படி எடுப்பது? நிறுவும்போது கவனிக்க வேண்டியது என்ன? பிற்பாடு ப்ரோ தேவைப்பட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா?

கரிசல்:

மெஷின் இப்போது திறந்து வேலை செய்கிறது என்பதால் பயமில்லை. எளிய வழி: டிவைஸ் என்க்ரிப்ஷன் சுவிட்சை ஒருமுறை அணையுங்கள். டிஸ்க் முழுவதும் பூட்டு நீங்கும்வரை சார்ஜரில் செருகியே வையுங்கள், அளவைப் பொறுத்து நேரம் பிடிக்கும். பிறகு உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை அட்மினாகச் சேர்த்து, அதில் நுழைந்து, சுவிட்சை மறுபடி போடுங்கள். புதுக் கீ உங்கள் கணக்கில் சேரும். அங்கே கண்ணால் பார்த்து எழுதிக்கொண்ட பிறகுதான் கடைக்காரர் கணக்கை நீக்க வேண்டும்.

தாழ்ப்பாள்:

ஹோமிலிருந்து ப்ரோவுக்குப் போவது மிக எளிது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பக்கத்தில் ப்ரோ கீ கொடுத்தால் போதும், அல்லது ஸ்டோர் வழியாக வாங்கலாம் (அமெரிக்க ஸ்டோரில் 99 டாலர்). ஒரு ரீஸ்டார்ட், சில நிமிடம். எதுவும் அழியாது. ப்ரோவிலிருந்து ஹோமுக்குத் திரும்ப வேண்டுமானால்தான் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவ வேண்டும். சந்தேகத்தில் இருப்பவர்கள் ஹோமில் தொடங்க வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

நிறுவும்போது இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அசெம்பிள் மெஷினின் ஃபர்ம்வேரில் கீ இருக்காது, ஆகவே செட்டப் கீயைக் கேட்கும். ‘என்னிடம் கீ இல்லை’ என்று தாண்டினால் பதிப்புகளின் பட்டியல் வரும். அங்கே ‘விண்டோஸ் 11 ஹோம்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். பெரியதாக இருக்கட்டும் என்று ப்ரோவைத் தொட்டால் உங்கள் ஹோம் கீயை அது ஏற்காது, மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டும். பட்டியலில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் முடியும் பதிப்புகளையும் தொடாதீர்கள். அவை ஐரோப்பாவுக்கானவை, மீடியா பிளேயரும் வீடியோ கோடெக்குகளும் இல்லாதவை.

லேப்டாப்பில் இதற்கு நேர்மாறு. ஃபர்ம்வேரில் சிங்கிள் லேங்குவேஜ் கீ இருப்பதால் பென்டிரைவிலிருந்து நிறுவினாலும் செட்டப் கேட்காமலேயே அதே பதிப்பைப் போட்டுவிடும். அங்கே ப்ரோதான் வேண்டும் என்றால் சிங்கிள் லேங்குவேஜாகவே நிறுவி ஆக்டிவேட் ஆனதும் ப்ரோ கீ கொடுத்து ஏற்றுவது சுலபம். ஏற்றும்போது பிழை காட்டினால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வி.கே.7.ஜே.ஜி என்று தொடங்கும் பொதுக் கீயைக் கொடுத்து முதலில் பதிப்பை மாற்றுங்கள். ரீஸ்டார்ட் ஆன பின் இணையத்தை இணைத்து நீங்கள் வாங்கிய கீயைக் கொடுங்கள். பொதுக் கீ பதிப்பை மாற்றும், ஆக்டிவேட் செய்யாது.

நிறுவுவதற்கு முன் பயாஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் ஆன் என்று பாருங்கள், சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப். பின்னால் மாற்றினால் கரிசல் சொன்ன நீலத் திரைதான்.

பையனுக்குத் தனி ஸ்டாண்டர்ட் கணக்கு. ஃபேமிலி சேஃப்டி ஹோமிலும் முழுமையாக இருக்கிறது, நேர வரம்பு வைக்கலாம். வலைத்தள வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். அதை ஆன் செய்ததும் மற்ற பிரவுசர்கள் பூட்டிக்கொள்வது அதனால்தான், பழுது இல்லை.

கம்பிவடம்:

ஒன்று விட்டுப்போனது. பின்னால் ப்ரோவுக்கு ஏறினால், ரௌட்டரில் செருகிய யுஎஸ்பி டிஸ்க்கோ பழைய என்ஏஎஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியோ நெட்வொர்க்கில் திறக்காமல் போகலாம். 24எச்2-லிருந்து ப்ரோவில் எஸ்எம்பி கையொப்பம் (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும்போது தகவல் மாறவில்லை என்று சரிபார்ப்பது) கட்டாயம், கடவுச்சொல் இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவுக்கும் தடை. ஹோமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ப்ரோ போட்டதும் நின்றுவிட்டது என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று. தடையை நீக்கும் செட்டிங்கைத் தேடாமல், ரௌட்டரின் பக்கத்தில் அந்த டிஸ்க்குக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். கையொப்பத்தை ஆதரிக்கும் கருவியென்றால் அவ்வளவில் திறந்துவிடும். எஸ்எம்பி 1 மட்டும் தெரிந்த மிகப் பழைய ரௌட்டரென்றால் டிஸ்க்கைக் கழற்றி டெஸ்க்டாப்பிலேயே மாட்டிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.